‘லா ஓத்ரா’ (1946): இந்த மெக்சிகோ படத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தை நண்பர்களுக்கு, அவர்களுடைய நண்பர்களுக்கு, வீட்டுக்கு வந்த உறவினர்களுக்கு என்று பல பேருக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கேள்விகள் ஆரம்பிக்கும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதல் ஐந்து கேள்விகளைப் படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். ஆறாவதிலிருந்து கதை கடைசிவரை வந்துவிடும். பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இது என்ன படம்? கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க.

மெக்சிகோ நகரத்தில் இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேர். மக்தலேனா பெரிய பணக்காரனைக் கட்டிக்கொண்டு மாளிகையில் வாழ்கிறாள். மரியா ஒரு முடிதிருத்தும் கடையில் ஆண்களுக்கு நகம் வெட்டி, தேய்த்து, மெருகு போட்டுப் பிழைக்கிறாள். மக்தலேனாவின் கணவன் இறந்துபோகிறான். அந்த இறுதிச் சடங்கில்தான் படம் தொடங்குகிறது. சொத்து முழுக்க மக்தலேனாவுக்கு வரப்போகிறது. முகம் ஒன்றாக இருக்கும்போது வாழ்க்கை மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும் என்று மரியா யோசிக்கத் தொடங்குகிறாள்.

இயக்கியவர் ரொபேர்த்தோ கவால்தோன். திரைக்கதையை அவரும் எழுத்தாளர் ஹொசே ரெவுவெல்தாஸும் சேர்ந்து எழுதினார்கள். மூலக்கதை ரையன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளருடையது. கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

‘லா ஓத்ரா’ன்னா என்ன அர்த்தம்?

ஸ்பானிஷில் ‘இன்னொருத்தி’. அந்த மொழியில் இதற்குச் ‘சின்ன வீடு’ என்கிற அர்த்தமும் உண்டு. மனைவி அல்லாத அந்த மற்றவளைக் குறிக்கும் பேச்சு வழக்கு. அதனால் தலைப்பை மட்டும் கேட்டு உள்ளே போகிறவர் கள்ளக்காதல் கதை என்று நினைக்கலாம். படத்தில் கள்ளக்காதலும் இருக்கிறது, ஆனால் அது வரும் இடமே வேறு. யார் ‘அவள்’, யார் ‘இன்னொருத்தி’ என்பது பாதிப் படத்துக்கு மேல் நமக்கே குழம்ப ஆரம்பிக்கும்.

ரெண்டு பேரா நடிச்சது ஒரே நடிகையா? யார் அவங்க?

ஒரே நடிகைதான். தொலோரெஸ் தெல் ரியோ. 1904-இல் துராங்கோ மாநிலத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். மெக்சிகோ புரட்சிக் காலத்தில் அந்தக் குடும்பம் சொத்தை இழந்து ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தது. 1925-இல் ஹாலிவுட்டுக்குப் போய் ஊமைப்பட நட்சத்திரமானார். மெக்சிகோவிலிருந்து போய் அங்கே அந்த அளவுக்கு உயர்ந்த முதல் பெண் அவர்தான். பேசும் படம் வந்து, வயது ஏற ஏற, ஹாலிவுட் அவருக்குக் கொடுத்த வேடங்கள் சிறுத்தன. 1940களின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, தாய்மொழியில் புதிதாக ஆரம்பித்தார்.

இந்தப் படம் வெளிவந்தபோது அவருக்கு 42 வயது. அதுவரை அவரைப் பேரழகி என்றே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு அதிர்ச்சியாக இருந்திருக்கும். ஒரே முகம்தான். ஆனால் மக்தலேனாவில் திமிராகத் தெரியும் அழகு மரியாவில் பயன்படாத சரக்குபோல வீணாகக் கிடக்கிறது. அவருடைய மற்றப் படங்களும் பார்த்திருக்கிறேன். என் அளவில் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு இதுதான்.

1946-ல மெக்சிகோவில் இவ்வளவு நேர்த்தியாப் படம் எடுக்கிற வசதி இருந்ததா?

நிறையவே இருந்தது. மெக்சிகோ சினிமாவின் பொற்காலம் என்று சொல்லும் காலம் அது. இரண்டாம் உலகப் போரில் மெக்சிகோ நேச நாடுகளோடு சேர்ந்ததால் அமெரிக்காவிலிருந்து ஃபிலிம் சுருள் தடையில்லாமல் கிடைத்தது. போட்டியாக இருந்த அர்ஜென்டினாவுக்கு அது கிடைக்கவில்லை. ஹாலிவுட் போர்ப் படங்களில் மூழ்கியிருந்ததால் ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் சந்தையும் மெக்சிகோவுக்குத் திறந்தது.

ஆட்களும் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் பிலிப்ஸ் கனடாவில் பிறந்தவர். மெக்சிகோவின் தொடக்க காலப் பேசும் படத்துக்காக 1931-இல் வந்து அங்கேயே தங்கிவிட்டார். துப்பறியும் காவலராக வரும் அகுஸ்தீன் இருஸ்தா அர்ஜென்டினாவின் டாங்கோ பாடகர். அரங்கம் அமைத்த குந்தர் கெர்சோ பிற்காலத்தில் மெக்சிகோவின் பெரிய அரூப ஓவியர்களில் ஒருவரானார். மாளிகைக் காட்சிகளில் சுவரும் படிக்கட்டும் நிழலும் எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள், ஓவியக் கண் தெரியும்.

பழைய படம், ஸ்பானிஷ் வேற. எனக்குப் புரியுமா?

துணைத் தலைப்போடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் பாதிக் கதை படத்திலேயே புரிந்துவிடும். என் வீட்டில் ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாத ஒரு பாட்டி, துணைத் தலைப்பும் படிக்காமல் பார்த்துவிட்டு, முடிவில் “அவ மாட்டிக்கிட்டா, பாவி மக” என்று சரியாகச் சொன்னார்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ரெண்டு பேரையும் ஒரே காட்சியில் எப்படிக் காட்டினாங்க?

இனி வருவதில் கதை வெளிப்படும், மறுபடி சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் இதற்கு இரண்டு மூன்று வழிகள் இருந்தன. காமிராவை அசையாமல் நிறுத்தி, சட்டகத்தின் ஒரு பாதியை மறைத்து ஒரு சகோதரியை எடுப்பார்கள். பிறகு அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து மற்றவளை எடுப்பார்கள். நடுவிலிருக்கும் கோடு ஒரு கதவு விளிம்பிலோ திரைச்சீலையிலோ ஒளிந்துகொள்ளும். இன்னொரு வழி, முதுகு காட்டி நிற்கும் பதிலி நடிகை. தனித்தனியாக எடுத்த படங்களை ஃபிலிம் கழுவும் கூடத்தில் ஒன்றாக அச்சிடுவது மூன்றாவது வழி.

எந்த முறையானாலும் பாரம் நடிகையின் தலையில்தான். எதிரில் யாரும் இல்லாமல், சற்று முன்பு தானே பேசிய வசனத்துக்குத் தானே பதில் பேச வேண்டும். பார்வை அரை அங்குலம் தப்பினாலும் ஏமாற்று தெரிந்துவிடும். தொலோரெஸிடம் அது தப்பவில்லை. கவால்தோன் கண்ணாடிகளையும் நிறைய வைத்திருக்கிறார். அதனால் ஒரு சகோதரி தனியாக இருக்கும்போதும் திரையில் இரண்டு பேர் இருக்கிற மாதிரியே ஒரு உணர்வு விடாமல் வரும்.

நல்லவ ஒருத்தி, கெட்டவ ஒருத்தி. வழக்கமான இரட்டை வேடக் கதைதானே?

நாம் பார்த்து வளர்ந்த இரட்டை வேடப் படங்களை வைத்து எல்லோரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தப் படத்தில் கொலை செய்வது மரியா. நாம் யாருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோமோ அந்த ஏழைச் சகோதரிதான் மக்தலேனாவைத் தன் அறைக்கு வரவழைத்துச் சுட்டுக் கொல்கிறாள். இருவர் உடையையும் மாற்றி, தான் தற்கொலை செய்துகொண்டதாக ஒரு கடிதத்தையும் விட்டு, அவளாக வெளியேறுகிறாள்.

இறந்தவள் நல்லவளா என்றால் அதுவும் இல்லை. மக்தலேனாவும் அவளுடைய காதலன் ஃபெர்னாந்தோவும் சேர்ந்து அவள் கணவனுக்கு விஷம் கொடுத்திருக்கிறார்கள். மரியாவுக்கு அது தெரியாது. அக்கிரமம் செய்தவளைத் தெரியாமல் கொன்று, அந்த அக்கிரமத்துக்கே வாரிசாகிறாள். பெயரைத் திருடினால் வங்கிக் கணக்கு மட்டும் கைக்கு வராது, அந்தப் பெயரில் எழுதியிருக்கும் பழைய பாக்கி எல்லாமே சேர்ந்து வரும். எனக்கு இந்தப் படம் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

கொலை நடக்கும்போது வெளியில் என்ன திருவிழா நடக்குது?

அது போசாதா. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் மெக்சிகோவில் நடக்கும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளும் சூசையப்பரும் தங்க இடம் தேடி வீடு வீடாகக் கதவு தட்டியதை நினைத்து, தெருவில் பாடிக்கொண்டு ஊர்வலமாகப் போவார்கள். இடம் இல்லை என்று சில வீடுகள் பாட்டாலேயே மறுக்கும். கடைசி வீடு கதவைத் திறக்கும். பிறகு குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு ‘பின்யாத்தா’ என்ற அலங்காரப் பானையைத் தடியால் அடித்து உடைப்பார்கள், உள்ளேயிருந்து பழமும் மிட்டாயும் கொட்டும்.

இடம் கேட்டுக் கதவு தட்டிய மரியாளைப் பாடும் இரவில், இந்த மரியா தன் கூடப்பிறந்தவளைக் கதவுக்குள் அழைத்துக் கொல்கிறாள். மரபான பின்யாத்தாவுக்கு ஏழு கூர்முனைகள் உண்டு. கிறிஸ்தவ மரபு சொல்லும் தலையான பாவங்கள் ஏழுக்கும் ஏழு. பொறாமை அவற்றில் ஒன்று. மெக்சிகோவின் ரசிகர்களுக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

கையை ஏன் சுட்டுக்கிறா? கையெழுத்தைப் பழகிக்கலாமே?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பார்க்கும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சியும் இதுதான். சொத்துப் பத்திரங்களில் மக்தலேனா கையெழுத்துப் போட வேண்டும். மரியாவுக்கு அவள் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, கையெழுத்து இல்லை. பழகிக்கொள்ள நாட்கள் வேண்டும், வழக்கறிஞர் அவ்வளவு காத்திருக்கப் போவதில்லை. அதனால் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் தன் வலது கையைத் தானே பொசுக்கிக்கொள்கிறாள். புண்ணான கையின் எழுத்து கோணலாக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கதையின் ஓட்டத்துக்கு இது போதும். ஆனால் மரியாவின் தொழில் என்ன என்று நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க மற்றவர் கைகளைப் பிடித்து, வெந்நீரில் ஊறவைத்து, அழகாக்கி அனுப்புவது. பிழைப்புக்கு அவளிடம் இருந்த ஒரே முதல் அந்தக் கைதான். பணக்காரியாவதற்கு அவள் கொடுக்கும் முதல் விலையும் அதுவே. இனி திரும்பிப் போக நினைத்தாலும் பழைய மரியாவாக அவளால் பிழைக்க முடியாது.

இரண்டாம் முறை பார்க்கும்போது கைகளை மட்டும் கவனியுங்கள். யார் யாருடைய கையைத் தொடுகிறார்கள், எது கையுறைக்குள் இருக்கிறது, எது கட்டுக்குள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் தனியாக ஒரு கதை கிடைக்கும்.

கைரேகை எடுத்தா மாட்டியிருப்பாளே? ஒரு போலீஸ்காரனோட காதலி வேற!

உண்மைதான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றாக இருந்தாலும் கைரேகை வேறு வேறு. 1946-இல் காவல் துறைக்கு இது புதிதும் அல்ல. கைரேகையை வைத்துக் கொலைகாரரைக் கண்டுபிடித்த தொடக்ககால வழக்குகளில் புகழ்பெற்ற ஒன்று 1892-இல் அர்ஜென்டினாவில்தான் நடந்தது.

ஆனால் கைரேகை எடுக்க முதலில் சந்தேகம் வர வேண்டும். மரியாவின் அறையில், மரியாவின் உடையில், மரியாவின் முகத்தோடு ஒரு உடல் கிடக்கிறது. பக்கத்தில் கடிதம். வறுமையில் தனியாக இருந்த ஒரு பெண் மனமுடைந்தாள் என்பதை ஊர் உடனே நம்பிவிடுகிறது. அப்படி நம்புவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதே எனக்கு வலிக்கும் விஷயம். துப்பறிவாளர் ரொபேர்த்தோ வேறொரு பெண்ணுக்காக இருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார். இங்கே இறந்தவள் அவர் கட்டிக்கொள்ள நினைத்த பெண். துக்கம் அவர் கண்ணை மறைக்கிறது.

போலீஸுக்குத் தெரியாதது ஃபெர்னாந்தோவுக்கு எப்படித் தெரிஞ்சது?

வேலைக்காரர்களையும் வழக்கறிஞரையும் ஏமாற்ற முகம் போதும். நெருங்கிப் பழகிய காதலனிடம் முகம் மட்டும் போதாது. விக்தோர் ஹுன்கோ நடித்த ஃபெர்னாந்தோ வந்ததும் கதை திசை மாறுகிறது. மக்தலேனாவுக்கு ஒரு காதலன் இருந்ததே மரியாவுக்குத் தெரியாது. இவள் வேறு ஆள் என்று கண்டுகொண்டவன் காவல் துறைக்குப் போகவில்லை. போகவும் முடியாது, அவனும் கொலைகாரன்தானே. அவளை மிரட்டிப் பணம் பறிக்கிறான். மாளிகையில் அவளை அவளாகத் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பாவிதான். அவளை உண்மையாக நேசித்த ரொபேர்த்தோ எதிரில் நின்றும் அவளை ‘அம்மணி’யாகவே நினைக்கிறார்.

செஞ்ச கொலைக்குத் தண்டனை இல்லை, செய்யாத கொலைக்கு ஜெயில். இது என்ன நியாயம்?

கணவன் இறந்தது விஷத்தால் என்று தெரியவரும்போது சட்டத்தின் முன் நிற்பவள் மக்தலேனா. அதாவது மரியா. தப்பிக்க ஒரே வழி, “நான் மக்தலேனா இல்லை” என்று சொல்வது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, “அப்படியானால் மக்தலேனா எங்கே?” ஒரு கொலையிலிருந்து தப்ப இன்னொரு கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்த சந்து.

நீதிமன்றத்தின் தீர்ப்பு தவறு. ஆனால் சிறைக்குப் போகிறவள் நிரபராதியும் இல்லை. இதைத் திரைக்கதையின் சாமர்த்தியம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதற்கு மேலாகவே படுகிறது. எங்கோ ஒரு கணக்கு சரியாகிறது, ஆனால் அதில் எந்தச் சட்டத்துக்கும் பங்கில்லை.

ஆனா தூக்கு இல்லையே, வெறும் ஜெயில்தானே?

மெக்சிகோ நகரம் அடங்கிய தலைநகர் மாவட்டத்தின் குற்றவியல் சட்டம் 1929-இலேயே மரண தண்டனையை எடுத்துவிட்டது. அதனால் கதைக்கு வேறு வழியே இல்லை. அதுவே படத்துக்கு நல்லதாகப் போயிற்று என்பேன். தூக்கு என்றால் அன்றோடு முடிந்துவிடும். இங்கே அவள் மக்தலேனா என்ற பெயரோடு தினமும் விழித்தெழ வேண்டும்.

இதே கதையை இங்கிலீஷ்ல பார்த்த ஞாபகம். யார் யாரைக் காப்பி அடிச்சாங்க?

நீங்கள் பார்த்தது 1964-இல் வந்த ‘டெட் ரிங்கர்’ ஆக இருக்கும். பெட்டி டேவிஸ் இரட்டையராக நடித்தார். இயக்கியவர் பால் ஹென்ரைட், 1942-இல் அவருக்கு ஜோடியாக நடித்தவர். இரண்டு படத்துக்கும் மூலம் முதல் பதிலில் சொன்ன ரையன் ஜேம்ஸின் கதைதான். ஆகவே திருட்டு இல்லை. மெக்சிகோ படம் 18 வருடம் முந்தியது, அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், 1946-இலேயே பெட்டி டேவிஸ், சகோதரியின் இடத்தை எடுத்துக்கொள்ளும் இரட்டையராக வேறொரு கதையிலும் நடித்திருந்தார்.

அமெரிக்கப் படத்தில் முடிவு மரண தண்டனை. ஃபெர்னாந்தோவுக்குச் சமமான பாத்திரத்தை அதில் நாய் கடித்துக் குதறும். பெட்டி டேவிஸ் நன்றாகவே செய்திருக்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதை வேறு மண்ணுக்குப் போனதும் போசாதா இரவு போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பு.

மரியா, மக்தலேனா. பேர்லயே ஏதோ இருக்கிற மாதிரி இருக்கே?

இருக்கிறது. கத்தோலிக்க நாட்டில் மரியா என்றால் தூய தாய். மக்தலேனா என்றால் மக்கள் மனதில் பாவியாக இருந்து மனம் திரும்பியவள். ஏழைக்குத் தூயவளின் பெயர், பணக்காரிக்குப் பாவியின் பெயர் என்று மேலோட்டமாகத் தெரியும். ஆனால் கொலை செய்பவள் மரியா. செய்த பாவத்துக்கு அழுது தீர்க்கப்போவதும் அவளே, மக்தலேனா என்ற பெயரில்.

இன்னொன்று. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மரியா மக்தலேனா. நம் விவிலியத்தில் மகதலேனா மரியாள். உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்த்தவள். அது ஒரே பெண்ணின் பெயர். இதைக் கவனித்த பிறகுதான் படத்தில் இருப்பது இரண்டு பெண்களா, பாதி பாதியாகப் பிளந்த ஒருத்தியா என்ற யோசனையே எனக்கு வந்தது.

எழுதினவர் கம்யூனிஸ்ட்டாமே. அதனாலதான் பணக்காரியைக் கெட்டவளாக் காட்டினாரா?

ஹொசே ரெவுவெல்தாஸ் சிறுவயதிலேயே கட்சியில் சேர்ந்தவர். அதற்காக 1930களில் பசிபிக் கடலில் இருக்கும் மரியா தீவுகளின் சிறைக்கு இருமுறை அனுப்பப்பட்டார். 1943-இல் கட்சியும் அவரை வெளியேற்றியது. 1968 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு மறுபடி சிறை. தொலோரெஸைப் போலவே அவரும் துராங்கோ மாநிலத்துக்காரர்.

அவர் பணக்காரியை மட்டும் கெட்டவளாக்கி இருந்தால் ஏழை மரியா நல்லவளாக இருந்திருப்பாள். அப்படி இல்லையே. முடிதிருத்தும் கடையில் ஒவ்வொரு ஆணின் பார்வையையும் விரல் சீண்டலையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மரியாவை அவர் முழுதாகப் புரிந்துகொள்கிறார். அதற்காக அவள் துப்பாக்கியை மன்னிக்கவில்லை. சிறையை உள்ளிருந்து பார்த்தவர் என்பது கடைசிப் பகுதியில் தெரியும். கம்பிகளை அவர் மிகைப்படுத்தவே இல்லை.

கடைசியில் ரொபேர்த்தோகிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?

இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்கிறார்கள். என் பதிலை மட்டும் சொல்கிறேன். ரொபேர்த்தோ மனதில் இருப்பது வறுமையிலும் நேர்மையாக இருந்து, தாங்க முடியாமல் இறந்துபோன மரியா. அப்படி ஒரு மரியா எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அல்லது துப்பாக்கியைத் தொடும் நிமிடம்வரை இருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் அவளும் செத்துப்போவாள்.

பணத்துக்காகப் பெயரைத் திருடியவள், அவனுக்காக அதே பெயரை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். படம் முழுக்க அவள் பேசிய பொய்களில் தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒரே பொய் அதுதான். அதனால்தான் அத்தனையும் தெரிந்தும் அந்தக் கடைசிக் காட்சியில் என்னால் அவளை வெறுக்க முடிவதில்லை. உங்களால் முடிந்தால் அதுவும் சரியே. என் வீட்டுப் பாட்டி “பாவி மக” என்று சொன்னபோது அவர் குரலில் திட்டு எவ்வளவு, இரக்கம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.